தொட்டி தானாக நிற்கட்டும்

அங்காளம்மாளின் கையை இழுத்துக்கொண்டு போன அதே துண்டைத் துவைத்து, காயவைத்து, மெஷின் பக்கத்து ஆணியில் திரும்பவும் மாட்டியிருந்தார்கள். காலையில் ஷட்டருக்குள் குனிந்து வந்ததும் என் கண்ணில் பட்டது அதுதான். நீலக் கரை போட்ட தடித்த துண்டு. மூலையில் பழுப்பாக ஒரு கறை. கல்யாண மண்டபத்து மேஜைத் துணியில் சாம்பாரையும் வெற்றிலைச் சாறையும் இருந்த இடம் தெரியாமல் ஆக்குகிறவர்கள் நாங்கள். இந்தக் கறையைப் போக்கத்தான் யாரும் மெனக்கெடவில்லை.

எங்கள் லாண்டரி மயிலாப்பூரில் தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. லாட்ஜு விரிப்பு, மண்டபத்துத் துணி எல்லாம் இங்கே வரும். துவைத்ததைப் பிழிவதற்கு ஒரு மெஷின். பெரிய அண்டா மாதிரி ஒரு தொட்டி, உடம்பெல்லாம் ஓட்டை. ஈரத்துணியைச் சுற்றிலும் ஒரே கனமாக அடுக்க வேண்டும், ஒரு பக்கம் கனத்துப்போனால் தரையே கிடுகிடுக்கும். சுவிட்சைத் தட்டினால் தொட்டி சுழன்று துணி சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் ஓட்டை வழியாகத் தெறித்து ஓடிவிடும். ஆனால் சுவிட்சை அணைத்ததும் நின்றுவிடாது. அதன் பாட்டுக்குச் சுற்றிச் சுற்றித்தான் ஓயும். அதை நிறுத்த இருந்த பிரேக் தேய்ந்து போய் ரொம்ப நாளாகிறது. தொட்டி ஓயும் வரை மூடியைத் திறக்க விடாத பூட்டு ஒன்றும் இருந்தது. அதைச் செம்புக் கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டார்கள். காத்திருந்தால் நேரம் வீணாம். அதனால் சுற்றும்போதே மூடியைத் திறந்து, நனைத்த துண்டைத் தொட்டியின் விளிம்பில் அழுத்திப் பிடித்து நிறுத்த வேண்டும். துண்டு போடுறது என்று அதற்குப் பேர். ஈரத் துண்டு வழுக்கும், அதனால் மறுமுனையை மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றிக்கொள்வோம். எல்லோரும் அப்படித்தான் செய்தோம். போன வாரம் துண்டின் நுனி தொட்டிக்கும் வெளித் தகரத்துக்கும் நடுவே சிக்கியது. அங்காளம்மாளின் கையும் கூடவே போனது. இப்போது அந்தக் கையில் கம்பி வைத்து, பெரும்பாக்கம் குடியிருப்பில் எனக்கு அடுத்த வீட்டில், மாடிப்படியில் உட்கார்ந்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தலை வாரிவிடக்கூட இன்னொருத்தி வேண்டியிருக்கிறது.

முதலாளியின் மகன் பிரணவ் மறுநாளே எங்களை வரிசையாக நிறுத்தி, "பாருங்கோ, சுத்தற வேகத்துல மெஷின் தூக்கி அடிச்சுடுத்து. யாரும் வேணும்னு பண்ணல. அவளும் கொஞ்சம் கவனமா இருந்திருக்கணும்" என்றார். குரலில் வருத்தம்கூட இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இன்று காலை பஸ்ஸில் என் மகள் தாரணி பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டு வந்தாள். வீட்டைத்தான் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள், பள்ளிக்கூடம் இன்னும் மந்தைவெளியில்தான். ஒரே வேகத்தில் வட்டமாகச் சுற்றும் பொருளுக்கும் முடுக்கம் உண்டு, அது நடுப்புள்ளியைப் பார்த்தே இருக்கும் என்று படித்தாள்.

"நடுவ பாத்தா? அப்ப வெளிய தூக்கி அடிக்குதே, அது இன்னாது?"

"வெளிய யாரும் அடிக்கலம்மா. நீ நேராப் போவத்தான் பாக்குற. பஸ்ஸுதான் உன்ன இஸ்துகினு திரும்புது."

அப்போது பஸ் மத்திய கைலாஷில் வலது பக்கம் திரும்பியது. ஜன்னல் கம்பி என் தோளில் வந்து அழுந்தியது. "பாத்தியா, கம்பிதான் உன்ன உள்ள தள்ளுது. அது இல்லன்னா நீ நேரா ரோட்டுலதான் கெடப்ப" என்று சிரித்தாள்.

அவள் மடியிலிருந்து புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஆற்றோரத்தில் குடியிருந்தபோது சர்ச்சில் நடந்த மாலை வகுப்பில், தலை நரைக்க ஆரம்பித்த பிறகு எழுத்துக் கற்றவள் நான். இப்போதும் விரல் வைத்துத்தான் படிப்பேன். துணி பிழியும் தொட்டியைப் பற்றியே ஒரு கணக்கு இருந்தது. ஆரம் கொடுத்திருந்தார்கள், வேகம் கொடுத்திருந்தார்கள், முடுக்கம் காண்க என்று கேட்டிருந்தார்கள். விரலை நகர்த்தி நகர்த்தி இரண்டு தடவை படித்தேன். அந்தக் கணக்கில் கை இல்லை.

மெஷின் யாரையும் தூக்கி அடிக்கவில்லை. அதற்கு நேராகப் போகவும் தெரியாது, வளைந்து போகவும் தெரியாது. சுவிட்சைப் போட்டால் சுற்றும், அவ்வளவுதான். பிடித்துக்கொள்ள வேண்டிய பிரேக்கைத் தேய விட்டவன், பூட்டைக் கம்பியால் கட்டியவன், அவன் எங்கே போனான்? அதிகாரிகள் எங்களை ஆற்றோரத்திலிருந்து லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய அன்றைக்கும் வெள்ளம் உங்களைத் துரத்திவிட்டது என்றுதான் சொன்னார்கள். வெள்ளம் வந்தது, வடிந்தும் போனது. வீட்டை இடித்தது வெள்ளமா? பஸ்ஸை விட்டு இறங்கிச் சந்துக்குள் நடந்து வரும்வரை இதையேதான் எனக்குள் கேட்டுக்கொண்டு வந்தேன். வந்தால், ஆணியில் அந்தத் துண்டு.

அங்காளம்மாள் இடத்துக்கு நொச்சிக்குப்பத்திலிருந்து நிஷா என்று ஒருத்தி வந்திருந்தாள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவள். முதல் லோடு பிழிந்து சுவிட்சை அணைத்ததும் சூப்பர்வைசர் லாரன்ஸ் ஆணியிலிருந்து துண்டை எடுத்து வாளியில் முக்கி அவளிடம் நீட்டினார்.

"இந்தாம்மா. மூடிய தொறந்து ஓரத்துல அமுக்கிப் புடி. நின்னுரும். பழகிட்டா ஒண்ணுமே இல்ல."

"துண்டு வயுக்கிச்சுன்னாண்ணா?"

"கையில ஒரு சுத்து சுத்திக்கோ."

அதைக் கேட்டதும் என் கால் தானாக நடந்தது. நிஷாவின் கையிலிருந்து துண்டைப் பிடுங்கி வாளியில் எறிந்துவிட்டு, மெஷின் மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அடியில் தொட்டி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. இடுப்பு எலும்பு வரைக்கும் நடுங்கியது.

"இன்னாக்கா இது, மெஷின் மேல குந்திகினு கீற? எறங்கு" என்றார் லாரன்ஸ்.

"நிக்கட்டும். தானா நின்னாத்தான் எறங்குவேன்."

இஸ்திரி போடும் மிக்கேல் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தான். "அக்கா ராட்னத்துல ஏறிக்கிச்சுடா. டிக்கெட்டு கிழிச்சியா லாரன்சு?"

"நீ மூடு. சார் மேல கீறாரு."

சிரிப்புச் சத்தம் கேட்டோ என்னவோ, பிரணவ் போனைக் காதில் வைத்தபடியே இறங்கி வந்தார். என்னைப் பார்த்ததும் பேச்சைத் துண்டித்தார்.

"முத்தம்மா, என்ன கூத்து இது? மத்தியானம் மண்டபத்துக்குத் துணி போகணும். ஒவ்வொரு லோடுக்கும் நீ இப்படி உக்காந்துண்டா எப்போ முடியும்?"

"முடியும்போது முடியும் சார். இந்தப் பொண்ணு துண்டு போட மாட்டா. நானும் போட மாட்டேன்."

"உன்னை யாரும் போடச் சொல்லலையே."

"அங்காளம்மாளயும் யாரும் சொல்லலன்னுதான சொல்றீங்க? மெஷினு தூக்கி அடிச்சிச்சுன்னு சொன்னீங்க. மெஷினா சார் பூட்டுல கம்பி கட்டிச்சு?"

அவர் முகம் சிவந்தது. கம்பி இருந்த பக்கம் ஒரு கணம் பார்த்துவிட்டு உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

"நன்னாருக்கு. இப்ப எறங்கினா வேலை இருக்கு. இல்லேன்னா இப்படியே ஆத்துக்குப் போயிண்டிரு. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

வீடு என்றதும் வாடகையும் தாரணியின் படிப்பும் கண்முன் வந்து நின்றன. அந்தத் துண்டில் கையைச் சுற்றியபோதெல்லாம் முன்னால் வந்து நின்றவையும் அதே இரண்டுதான். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்துக்கு அடியில் தொட்டி நடுங்கிக்கொண்டே இருந்ததால் எது பயம், எது மெஷின் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"எறங்குறேன் சார்" என்றேன். இறங்கி, மூடியை நானே முழுசாகத் திறந்து வைத்தேன். தொட்டி இன்னும் வேகமாகத்தான் ஓடியது. வெள்ளைத் துணி சுவரெங்கும் வளையமாக ஒட்டியிருந்தது, நடுவில் வெறும் பள்ளம். "பொம்பளைங்களுக்குக் கவனம் பத்தாதுன்றீங்க. அப்ப லாரன்ஸ் போடட்டும். கவனமா."

பிரணவ் லாரன்ஸைப் பார்த்தார். "போடுய்யா. ஒரு நாள் நீதான் போடேன். நேரமாறது."

"போடு நைனா. எத்தினி பேருக்குச் சொல்லிக் குடுத்துகீற" என்றான் மிக்கேல். இந்தத் தடவை அவன் குரலில் சிரிப்பு இல்லை.

லாரன்ஸ் வாளியிலிருந்து துண்டை எடுத்தார். இத்தனை வருஷத்தில் அவர் துண்டு போட்டு நான் பார்த்ததே இல்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விளிம்பு வரை வந்தார். ஒரு முனையை மணிக்கட்டில் சுற்றினார். அந்தச் சுற்றில் பழுப்புக் கறை மேலே வந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். சுற்றியதை மெதுவாகப் பிரித்தார்.

"லாரன்ஸ்!" என்றார் பிரணவ்.

லாரன்ஸ் துண்டைக் கீழே போடவில்லை. இஸ்திரிப் பெட்டி அப்படியே சூடாகிக்கொண்டிருந்தது. நிஷா இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாள். பிரணவின் போன் அடிக்க ஆரம்பித்தது. தொட்டி அதன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. லாரன்ஸின் கையிலிருந்த துண்டின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக, நேராக, தரையில் விழுந்துகொண்டிருந்தது.