ஆளில்லாத திடல்

நல்ல விளையாட்டுத் திடல் எது என்று பினாங்கில் பிள்ளை பெற்றவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். நிழல் வேண்டும், கழிப்பறை வேண்டும், கார் நிறுத்த இடம் வேண்டும், விழுந்தால் முட்டி பெயராத ரப்பர் தரை வேண்டும். சுபாஷினிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அங்கே வேறு பிள்ளைகள் இருக்கக் கூடாது.

அவள் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. அவளுடைய ஒரே மகன் கோகுலனுக்குப் பதினான்கு வயது. அப்பாவின் தோளுக்கு வளர்ந்துவிட்டான், மீசைகூட அரும்பிவிட்டது, பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை. ஆட்டிசம் என்று சின்ன வயதிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். அவனுக்குப் பிடித்தது ஊஞ்சல். சோறு இல்லாமல்கூட இருந்துவிடுவான். ஊஞ்சல் இல்லாமல் இரண்டு நாள் போனால் சுவரில் தலையை முட்டிக்கொள்வான். ஆகவே இந்தத் தீவில் எந்த ஊஞ்சலின் சங்கிலி எத்தனை கிலோ தாங்கும் என்பது அதைச் செய்து மாட்டியவர்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஜெலுத்தோங்கில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக்குக் கீழேயே ஒரு திடல் இருக்கிறது. போன வருஷம் வரைக்கும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருநாள் கோகுலன் வேகமாக ஆடிக்கொண்டிருந்தபோது ஒரு குட்டிப் பையன் குறுக்கே ஓடிவந்து அடிபட்டு விழுந்தான். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவனுடைய அம்மா நல்லம்மாள் கீழ்மாடியில் இருப்பவள். வருஷா வருஷம் தீபாவளிக்கு இரண்டு வீட்டுக்கும் முறுக்கு போய்வரும்.

"பெரிய பையனா ஆயிட்டான்லா, சுபா," என்றாள் நல்லம்மாள். "பன்னண்டு வயசுக்கு மேல ஏறக் கூடாதுன்னு போர்டே போட்டிருக்கு. பாத்துக்க முடியலன்னா வீட்டுலயே வெச்சிக்க வேண்டியதுதானே."

கத்தியிருந்தால் சுபாஷினியும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பாள். நல்லம்மாள் தன்மையாகச் சொன்னாள். அதுதான் நெஞ்சில் தைத்துக்கொண்டது.

அன்றிலிருந்து சுபாஷினி பிறத்தியாருடைய பண்டிகைகளில் பிழைக்கக் கற்றுக்கொண்டாள். அடுப்படிச் சுவரில் சீனர் மளிகைக் கடையில் கொடுத்த குதிரைப் பந்தயக் காலண்டர் தொங்கியது. அதில் எல்லா இனத்துப் பெருநாளும் இருக்கும். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய மாலையில் சீனர்கள் குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் வட்டாரத்துத் திடல் கோகுலனுக்கு. தைப்பூசத்தன்று ஊர்த் தமிழர்கள் எல்லாரும் தண்ணீர்மலை முருகன் கோயிலில் நிற்பார்கள். அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் திடல் அன்றைக்குத் திரும்பக் கிடைக்கும். பால்குடம் எடுப்பதாக முருகனுக்கு நேர்ந்துகொண்டவள், தைப்பூசத்தன்று ஊஞ்சலடியில் நின்றாள். முருகன் புரிந்துகொள்வார் என்று சொல்லிக்கொண்டாலும் காவடிப் பாட்டு யார் வீட்டு டிவியிலாவது கேட்டால் ஊஞ்சலை இன்னும் வேகமாகத் தள்ளினாள். பண்டிகை இல்லாத நாட்களில் உச்சி வெயில்தான் கதி. இந்த ஊரில் திடல் கட்டுகிறவர்களுக்கு மரமென்றால் ஏனோ ஆகாது. கொதிக்கும் இருக்கையில் ஈரத் துண்டைப் போட்டு அவனை உட்கார வைப்பாள்.

கோகுலனின் பள்ளிக்கூடத்தில் சிறப்பு வகுப்பு எடுக்கும் அமீரா டீச்சர் ஒருநாள் போனில் பேசினார். கோகுலன் இப்போதெல்லாம் பள்ளி ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்கிறான், தன் முறை வரும்வரை காத்திருக்கிறான், பிள்ளைகள் இருக்கும் இடங்களுக்கு அவனைக் கூட்டிப் போங்கள் என்றார். சுபாஷினி நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். ஒரு வார்த்தையும் நம்பவில்லை. பெற்றவள் மனசு நோகக் கூடாதென்று டீச்சர்மார்கள் எதையாவது சொல்வார்கள்.

"டீச்சர் சொல்றத கொஞ்சம் கேளேன்," என்றான் அவள் கணவன் தேவேந்திரன். "ஒரு தடவ ஆளுங்க இருக்கற எடத்துக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாப்போமே."

"நீங்க பாயான் லெப்பாஸ் பேக்டரிக்கு வேலைக்குப் போயிருவீங்க. நாலு பேர் பேசறத நின்னு கேக்கறது நான்லா."

அவள் சொன்னதில் பொய் இல்லை.

நோன்பு மாதத்தில் ஒருநாள் பாலிக் பூலாவ் பக்கம் போயிருந்தபோதுதான் அந்தத் திடல் அவள் கண்ணில் பட்டது. சின்ன டவுனைத் தாண்டி, வயலோரத்தில், கம்போங் என்னும் மலாய்க் கிராமம் ஒன்றின் கடைசியில் இருந்தது. பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் நிழல். அகலமான இருக்கை வைத்த ஒற்றை ஊஞ்சல், தடித்த சங்கிலி. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தாள், கிறீச்சென்றுகூடச் சொல்லவில்லை. வேலிக்குப் பின்னால் வெள்ளைப் பூ மரங்கள் நிறைந்த ஒரு தோப்பு. போர்டும் இல்லை. நோன்புப் பெருநாள் காலையில் கம்போங் முழுக்கப் பள்ளிவாசலில் இருக்கும், அப்புறம் விருந்தாளிகளோடு வீட்டில் இருக்கும். காலை முழுவதும் என் பிள்ளை ஆடலாம் என்று கணக்குப் போட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்கு அவள் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தாள்.

பெருநாள் காலை. தேவேந்திரன் இரவு ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தான். மலைப்பாதையில் ஒரு வண்டி இல்லை. திடலிலும் ஒரு ஈ காக்கை இல்லை. கோகுலன் காரிலிருந்து இறங்கியதும் நேராகப் போய் ஊஞ்சலில் உட்கார்ந்தான். காலை நீட்டி, மடக்கி, நீட்டி, மரக்கிளை வரைக்கும் போய் வந்தான். தூரத்தில் பள்ளிவாசலில் இறைவனைப் புகழ்ந்து ஓதும் தக்பீர் ஓசை. அவன் அதற்குச் சேர்ந்தாற்போல முனகினான். சந்தோஷமாக இருந்தால்தான் அவன் முனகுவான். சுபாஷினி மரத்தடி வேரில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தாள்.

ஒரு வாய் தேநீர் குடித்திருப்பாள். தோப்புப் பக்கம் கார்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பச்சைப் பட்டுச் சட்டையும் பச்சைப் பாவாடையுமாக ஒரு குடும்பம் இறங்கியது, அதற்குப் பின்னால் நீலம், அதற்குப் பின்னால் ஊதா, குடும்பத்துக்கு ஒரு நிறம். கையில் தண்ணீர்ச் சாடியும் பூவும் எடுத்துக்கொண்டு எல்லாரும் தோப்புக்குள் போனார்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அது தோப்பு இல்லை, மையவாடி. தொழுகை முடிந்த கையோடு இறந்துபோனவர்களைப் பார்க்க வந்திருக்கிறார்கள். எல்லாருடைய பண்டிகையையும் கரைத்துக் குடித்துவிட்டதாக நினைத்தவளுக்கு அவர்களும் செத்தவர்களைப் பார்த்துவிட்டுத்தான் விருந்துக்கு உட்காருவார்கள் என்பது தோன்றவே இல்லை. தீபாவளிக்கு முந்தின நாள் செத்தவர்களுக்குப் படையல் போடுகிறவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பெரியவர்கள் துவா ஓத உட்கார்ந்ததும் பச்சைச் சட்டைப் பிள்ளைகள் இரண்டு பேர் வேலியிடுக்கு வழியாகத் திடலுக்கு ஓடிவந்தார்கள். ஒரு பையன், அவனைவிடச் சின்னதாக ஒரு பெண். ஊஞ்சலுக்கு எதிரே வந்து நின்று கோகுலனை அண்ணாந்து பார்த்தார்கள்.

"கோகுல், போதும்யா. வா, வீட்டுக்குப் போலாம்," என்று சுபாஷினி எழுந்து ஓடினாள். அவன் கத்துவான், சங்கிலியை விடமாட்டான், மையவாடியிலிருந்து எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவன் கத்தவில்லை. காலைத் தரையில் தேய்த்து ஊஞ்சலை நிறுத்தினான். இறங்கினான். அந்தச் சின்னப் பெண்ணுக்குப் பின்னால் போய், இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு நின்றான்.

பையன் முதலில் ஏறி ஆடினான். பிறகு அந்தப் பெண் ஏறினாள். இறங்கிய பையன் வந்து தனக்குப் பின்னால் நிற்கக் கோகுலன் ஒரு அடி தள்ளி இடம் விட்டான். அவன் முனகிக்கொண்டே இருந்தான். டீச்சர் பொய் சொல்லவில்லை. தன் பிள்ளைக்கு இது தெரியும் என்பது பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, பெற்ற தனக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவன் யாருக்குப் பின்னாலும் நிற்கும்படி ஓர் இடத்தை அவள்தான் அவனுக்குக் காட்டவே இல்லையே.

அந்தப் பெண் ஆடி முடிக்கும் முன்பே வேலிக்கப்பாலிருந்து அவர்களுடைய அப்பா வந்தார். பச்சைச் சட்டை, சொங்கோக் தொப்பி. தன் குட்டி மகளுக்குப் பக்கத்தில் மீசை அரும்பிய ஓர் ஆள், எதையோ முனகிக்கொண்டு, நெருக்கி நிற்பதைப் பார்த்தார். விறுவிறுவென்று வந்து மகளை ஊஞ்சலிலிருந்து இடுப்பில் தூக்கிக்கொண்டார், மகனைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"மாஃப் யா, காக்," என்று சுபாஷினியை அக்கா என்றழைத்துச் சிரித்த முகமாகவே மன்னிப்புக் கேட்டார். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துவிடுவார்கள் என்று மலாயில் சொன்னார்.

"பரவால்ல. செலாமாட் ஹாரி ராயா," என்று பெருநாள் வாழ்த்துச் சொன்னாள். விருந்தாளிகள் வரத்தான் செய்வார்கள். ஆனால் பிள்ளையை அப்படித் தூக்குவது எதற்கென்று அவளுக்குத் தெரியும். அவர் இடத்தில் இருந்தால் தானும் அப்படித்தான் தூக்கியிருப்போமோ என்ற நினைப்பு வந்தது. அது எல்லாவற்றையும்விட வலித்தது.

கார்கள் ஒவ்வொன்றாகப் போயின. திடல் அவள் ஆசைப்பட்டபடியே காலியானது. ஊஞ்சல் சும்மா அசைந்துகொண்டிருந்தது.

கோகுலன் நின்ற இடத்திலேயே நின்றான். கைகட்டி, ஊஞ்சலைப் பார்த்தபடி, முன்னாலும் பின்னாலும் ஆளில்லாத வரிசையில்.

"ஏறுய்யா," என்றாள். அவன் அசையவில்லை. "யாருமில்லடா. எல்லாம் ஒனக்குத்தான். ஏறு." முதுகில் கை வைத்து லேசாகத் தள்ளினாள். காலை ஊன்றிக்கொண்டான். முன்னால் இருந்த பெண் ஆடி முடித்து இறங்கவில்லை, பாதியில் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவனுடைய முறை இன்னும் வரவில்லை.

சுபாஷினிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நல்லம்மாளுக்கு முன்னால் அழவில்லை, தைப்பூசத்தன்று அழவில்லை, இப்போது வாய்விட்டு அழுதாள். கோகுலன் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் காத்திருந்தான்.

அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் அந்த ஊஞ்சலில் உட்கார்ந்தாள். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, காலால் உந்தி, இரண்டு மூன்று தடவை ஆடினாள். இறங்கினாள்.

கோகுலன் உடனே ஏறி உட்கார்ந்தான். மரக்கிளை வரைக்கும் போனான். சிறிது நேரம் ஆடிவிட்டு, தானாகவே காலைத் தேய்த்து நிறுத்தி, இறங்கி வந்து அவளுக்குப் பின்னால் கைகட்டி நின்றான்.

இப்போது அவள் முறை. அவள் போய் உட்கார்ந்தாள்.