உப்புப் பார்க்காத நாள்

ஏகாதசியன்று அவள் நாக்கில் எதையும் வைப்பதில்லை. மருத்துவமனைச் சமையலறையில் நோயாளிகளுக்கான குழம்பு அண்டா அண்டாவாகக் கொதிக்கும்போதும், கைக்கணக்கில் உப்பைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள். விரதத்தைப் பழக்கியவள் நாத்தனார். கல்யாணமான புதிதில், "எச்சில் முழுங்கினாக்கூடப் பாவம் அண்ணி, எங்கண்ணன் ஆயுசு விஷயம்" என்று கண்ணை உருட்டிச் சொன்னாள். அந்த அண்ணன் ஏகாதசியன்றும் மூன்று வேளை வெளுத்துக்கட்டுவான். ஆயுசு கெட்டியாகத்தான் இருந்தது.

நாத்தனாருக்கும் அங்கேதான் வேலை, எதிர் அடுப்பில். தலைமைச் சமையல்காரர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு இருவர் பெயரும் அடிபட்டது. யார் குழம்பு நன்றாக இருக்கிறதோ அவருக்கே என்று மேலாளர் சொல்லிவிட்டார். கிடைத்தால் இனி அண்டா தூக்க வேண்டாம். அவள் இடுப்பு போன வருஷமே விடைபெற்றுக்கொண்டுவிட்டது. மேலாளர் குறித்த நாள் ஏகாதசியாகப் போயிற்று. நாளை மாற்றச் சொல்ல அவளுக்குக் கூச்சம். நாத்தனாரும் விரதம்தானே, இருவருக்கும் ஒரே இடைஞ்சல் என்று தேற்றிக்கொண்டாள்.

அன்று பார்த்துக் கல்லுப்பு தீர்ந்து, பொடியுப்பு வந்தது. அதே படிக்குப் பொடி அதிகம் கரிக்கும் என்று தெரியும். எவ்வளவு குறைப்பது என்பதை நாக்கைத்தான் கேட்க வேண்டும்.

"கொஞ்சம் உப்புப் பாரேன்" என்றாள் நாத்தனாரிடம், வாய் தவறி.

"நானும் விரதம் அண்ணி! நல்லாக் கேட்டீங்க போங்க."

பாத்திரம் கழுவுகிறவரிடம் கரண்டியை நீட்டினாள். அவர் நக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "பிரமாதம்க்கா. புகையிலை போட்ட வாய்க்கு உப்பென்ன, சீனியென்ன."

மேலாளர் மதியம் வந்தார். அவள் குழம்பை வாயில் வைத்தவர் தண்ணீருக்குக் கை நீட்டினார். "கடல் தண்ணியையே கொதிக்க வச்சிட்டீங்களாம்மா?" நாத்தனாரின் குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். அப்புறம் பேச என்ன இருக்கிறது?

அவர் போனதும் பாத்திரம் கழுவுகிறவர் ஆறுதல் சொல்ல வந்தார். "விடுங்கக்கா. சின்னக்கா மாதிரி நீங்களும் ஸ்டோருக்குள்ள போய் ஒரு வாய் பாத்திருக்கலாம்ல? அவங்க கிண்ணமும் கையுமா எத்தனை தடவை போனாங்க!"

நாத்தனார் மறுக்கவில்லை. "நாக்குல வச்சுத் துப்பிட்டேன் அண்ணி. முழுங்கினாத்தானே விரதம் போகும்?"

"எனக்கு எச்சிலே ஆகாதுன்னியே?"

"நீங்க இருக்கிறது எங்கண்ணனுக்காக. நான் எனக்காக இருக்கேன். ரெண்டும் ஒண்ணாயிடுமா?"

வீட்டில் என்ன சொல்வார்கள் என்று இப்போதே அவள் காதில் விழுந்தது. மனசு சுத்தமாக இருந்திருந்தால் சாமி கைவிட்டிருக்குமா என்பார் மாமியார். கணவன் தங்கைக்கு இனிப்பு வாங்கி வருவான். விரதம் என்று இவள் பங்கை மட்டும் நாளைக்கு எடுத்து வைப்பார்கள்.

மேலாளர் கொடுத்துவிட்டுப் போன ஸ்டோர் சாவிக்கொத்தை நாத்தனார் இடுப்பில் செருகிக்கொண்டாள். குரல் அதற்குள் மாறியிருந்தது. "நாளைக்கு விடியக்காலமே வந்து அடுப்பைப் பத்த வச்சிடுங்க. பாரணைச் சாப்பாடு முடிச்சிட்டு வரேன்னு லேட்டு பண்ணிடாதீங்க. நான்தான் வரக் கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும். விரதம் முடிக்கணும்ல."

 அவள் ஒரு தட்டில் சோற்றைப் போட்டு, கீழே கொட்ட வைத்திருந்த தன் குழம்பை அள்ளி ஊற்றிப் பிசைந்தாள்.

"அண்ணி! என்ன பண்றீங்க? எங்கண்ணனுக்கு..."

"உங்கண்ணன் இந்நேரம் சாப்பிட்டுட்டுத்தான் இருப்பாரு. அவருக்கு ஒண்ணும் ஆகாது."

முதல் கவளம் தொண்டையை எரித்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. துப்பவில்லை. நாத்தனார் பார்க்கப் பார்க்க, நின்ற நிலையிலேயே, அடுத்த கவளத்தையும் உருட்டி விழுங்கினாள்.