வெந்துபோன பூட்ஸ்

நாளைக்குக் காலை ஆறு மணிக்குப் பஸ். இன்றைக்கு மூன்று மணிக்குச் சோதனை. மடிப்பக்காவுக்கு விடிந்ததிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினெட்டு வருஷமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். சூடான உருளைக்குள்ளிருந்து விரிப்பு ஆவி பறக்க வெளியே வரும். இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. பிடி, இழு, மடி, அடுக்கு. ஒரு ஷிப்டுக்கு நானூறு. அவள் மடித்தால் நாலு மூலையும் அச்சடித்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். அதனால் வந்த பெயர்தான் மடிப்பக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

அன்றைக்கு அந்தக் கையே மூன்று விரிப்பைக் கோணலாக மடித்துவிட்டது. எதிரில் நின்று மடிப்பவளுக்குத் தலை நிறையச் சுருட்டை முடி, பெயரும் சுருட்டைதான். விடுவாளா அவள்?

"என்னக்கா, மடிப்பு பல்லை இளிக்குது?"

"கை இங்க இருக்கு. மனசு மலை ஏறிடுச்சு."

"மலை அங்கயேதான் இருக்கும். நீ கடைசி நேரத்துல காலை வாரிடாதே. உன்னை நம்பித்தான் நானும் பேர் குடுத்தேன்."

இரண்டு மாதத்துக்கு முன்னால் தொழிற்சங்கம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டியிருந்தது. மலைக்காட்டில் ஐந்து நாள் நடை, வழிகாட்டி உண்டு, நாலு ராத்திரியும் காட்டுக்குள் மரக்குடிலில் தங்கல், எட்டுப் பேருக்கு மட்டும் இடம். அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போன மடிப்பக்கா, வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு இரண்டாவது வரியில் பெயரை எழுதினாள். யாரையும் கேட்கவில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் வீட்டை விட்டு வெளியே அவள் படுத்த ராத்திரிகள் எல்லாம் ஆஸ்பத்திரியில்தான். இரண்டு பிரசவம், ஒரு ஆபரேஷன். கடைசித் தடவை படுத்தது அவளே மடித்த விரிப்பின்மேல்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "அஞ்சு நாளா?" என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சொல்லவில்லை.

அவருக்கு இரும்பு வார்ப்புப் பட்டறையில் உலை வேலை. முப்பது வருஷம் நெருப்புக்கு எதிரில் நின்ற மனிதர். புருவ முடி பாதிதான் இருக்கும். உலைக்குள்ளே தேய்ந்துபோன செங்கல்லை மாற்றுவதற்காகப் பட்டறையை ஆறு வாரம் மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து உலைக்காரர் வீட்டில். சும்மா உட்காரத் தெரியாத ஆள். எல்லாக் கதவுக்கும் எண்ணெய் போட்டார். எல்லாக் கத்தியையும் தீட்டித் தீட்டி வைத்ததில் மடிப்பக்கா இரண்டு விரலை வெட்டிக்கொண்டாள். குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இறுக்கியதில் இப்போது குழாயைத் திறக்கவே அவரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

வழிகாட்டி ஒரு பெண். நாற்பது வயதுக்குமேல் இருக்கும். வெயிலில் காய்ந்த முகம், வார்த்தையை எண்ணிச் செலவழிக்கிற வாய். முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டாள்: "குடில்ல படுக்கப் பலகை இருக்கும், அடுப்பு இருக்கும், விறகு இருக்கும். மத்ததெல்லாம் உங்க முதுகுலதான் வரணும். மூட்டை எட்டு கிலோ தாண்டக் கூடாது. கால் பழகாத பூட்ஸோட யாரும் வர வேண்டாம். போன வருஷம் ஒருத்தருக்குக் குதிகால்ல கொப்புளம். ரெண்டாவது குடில்லேருந்து எல்லாரும் திரும்பி வந்தோம். புறப்படறதுக்கு முந்தின நாள் பாப்பேன். சரியில்லைன்னா இல்லைதான்."

மடிப்பக்கா மூன்று வாரமாகப் பூட்ஸோடுதான் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். இடது கால் பழகிவிட்டது. வலது மட்டும் கணுக்காலில் கொஞ்சம் கடித்தது. முந்தின நாள் சாப்பிடும்போது வாய்விட்டுச் சொன்னாள், "இந்த வலது கால் பூட்ஸ் மட்டும் வழிக்கு வர மாட்டேங்குது." அவ்வளவுதான் சொன்னாள். காலுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்கலாமென்று இன்றைக்கு மட்டும் செருப்போடு வேலைக்குப் போயிருந்தாள்.

ஒரு மணிக்கு வேலை முடிந்து, சுருட்டையையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மூட்டையை எடுத்துக்கொண்டு அப்படியே சோதனைக்குப் போவதாக ஏற்பாடு. மூன்றாவது மாடி. இரண்டாவது மாடியிலேயே ஒரு நாற்றம் மூக்கில் ஏறியது.

"யார் வீட்டுலயோ டயரை வேக வெச்சிட்டாங்க," என்றாள் சுருட்டை.

சமையலறையில் உலைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் செய்தித்தாள். அடுப்பு அணைந்திருந்தது. அதன்மேல் ஓர் இரும்புத் தகடு. தகட்டின்மேல் அவளுடைய பூட்ஸ் இரண்டும், எஞ்சின் எண்ணெய் பூசி, கன்னங்கரேலென்று மினுங்கிக்கொண்டு நின்றன. மடிப்பக்கா ஒன்றைத் தூக்கினாள். மேல்பாகம் கையோடு வந்தது. அடிப்பாகம் தகட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்தான் வாயைத் திறந்தார்.

"புது பூட்ஸ்னா நாங்க இப்படித்தான் பண்ணுவோம். எண்ணெயைப் பூசி உலை விளிம்புல ஒரு ஷிப்டு வெச்சா வெண்ணெய் மாதிரி ஆயிடும். நீதானே கடிக்குதுன்னே?"

"உங்க பூட்ஸ் தச்ச பூட்ஸுங்க. ஆணி அடிச்ச பூட்ஸு. இது பசை போட்டு ஒட்டினது."

"பசைன்னு எனக்கு எப்படித் தெரியும்? இப்பத்தான் பாத்தேன்."

"நாளைக்குக் காலையில பஸ்."

"தெரியும்."

"தெரியுமா? அது தெரிஞ்சா சரி." அவள் குரல் ஏறவில்லை. சலவைக்கூடத்தில் இயந்திரச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசுகிறவள். வீட்டில் அவள் குரலை இறக்கினால்தான் ஆபத்து என்று உலைக்காரருக்குத் தெரியும். "நான் போகக் கூடாதுன்னு நெனச்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"இந்தா பாரு, வேணும்னு பண்ணின மாதிரிப் பேசாதே."

சுருட்டை நிலைப்படியில் நின்று மேலே பல்பைப் பார்த்தாள், கீழே தன் காலைப் பார்த்தாள். "அக்கா, மணி ஆகுது," என்றாள். "இருக்கறதை எடுத்துக்கிட்டு வா. அங்க போய்ப் பேசிப் பாப்போம்."

மடிப்பக்கா தகட்டிலிருந்து அடிப்பாகங்களைக் கரண்டியால் நெம்பி எடுத்தாள். நாலு துண்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டாள். மூட்டையைத் தோளில் ஏற்றினாள். செய்தித்தாள் இன்னும் விரித்தபடியே இருந்தது.

சங்க அலுவலகத்தின் பின்னறையில் ஒரு தராசு தொங்கிக்கொண்டிருந்தது. எட்டு மூட்டையையும் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள் வழிகாட்டி. ஆம்புலன்ஸ் டிரைவருடைய மூட்டை பதினொன்று காட்டியது. திறந்தால் உள்ளே ஒரு தலையணை, ஷேவிங் கண்ணாடி, மூன்று பேருக்கான பிஸ்கட். சிரிப்பு அடங்க நேரமானது. மடிப்பக்காவின் மூட்டை ஏழு கிலோ எண்ணூறு. உள்ளே எல்லாம் செங்கல் செங்கலாக மடித்து அடுக்கியிருந்தது. வழிகாட்டிகூட ஒரு நிமிஷம் கையை வைக்க மனசில்லாமல் பார்த்தாள்.

"ரெண்டு விரிப்பு எதுக்கு?"

"ஒன்னு விரிக்க, ஒன்னு போத்திக்க."

"ஒன்னு போதும். பூட்ஸ் எங்க?"

மடிப்பக்கா பையை நீட்டினாள். வழிகாட்டி ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்தாள்.

"எண்ணெயா? யார் பண்ணது?"

"எங்க வீட்டுக்காரர். உலையில வேலை பாக்கறாருங்க. அங்க வழக்கம் இப்படித்தான். இதுல பசைன்னு அவருக்குத் தெரியாது. நல்லதுன்னு நெனச்சுப் பண்ணிட்டார்." தான் பேசியது தன் காதிலேயே விழுந்தபோது அவளுக்கு எரிச்சலாக வந்தது. வீட்டில் ஒரு பேச்சு, வெளியில் ஒரு பேச்சு. நல்லதென்று நினைத்துத்தான் பண்ணினாரா? வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அந்தக் கேள்வியைத்தான் மென்றுகொண்டு வந்தாள்.

வழிகாட்டி உள்ளறைக்குப் போய் ஒரு ஜோடியோடு வந்தாள். யாரோ எப்போதோ விட்டுப்போனது. அவள் காலுக்கு அரை சைஸ் பெரிசு.

"இப்பவே போட்டுக்கோங்க. தூங்கப் போற வரைக்கும் கழட்ட வேண்டாம். வீட்டுல படி இருக்கா?"

"மூணு மாடி."

"மூட்டையோட ஏறி இறங்குங்க. காலையில பஸ் பக்கத்துல உங்க குதிகாலைப் பாப்பேன். தோல் உரிஞ்சிருந்தா வீட்டுக்குப் போயிடணும். என்கிட்ட அழக் கூடாது."

"அழற வழக்கம் இல்லைங்க," என்றாள் மடிப்பக்கா.

ஐந்து மணிக்கு ஏற ஆரம்பித்தாள். மொத்தம் ஐம்பத்திநாலு படி. வீட்டுக்குள் போகவில்லை. தன் வீட்டுக் கதவு வரை ஏறுவாள், திரும்புவாள், இறங்குவாள். தெருக்கதவைத் தொடுவாள், மறுபடியும் ஏறுவாள். எட்டு கிலோ அவளுக்கு ஒரு சுமையே இல்லை. ஈரத் துணி மூட்டை ஒன்று இருபது இருக்கும். ஆனால் காலுக்குள் அந்நியர் பூட்ஸ். ஒவ்வொரு படிக்கும் குதிகால் உள்ளே ஏறி இறங்கியது. நாலாவது தடவையில் சூடு தெரிந்தது. ஆறாவது தடவையில் நெருப்பு. நின்றால் போகிற வாய்ப்புப் போய்விடும், நடந்தால் தோல் போய்விடும். எதைச் செய்வது என்று தெரியாமல் இன்னும் வேகமாக ஏறினாள்.

இரண்டாவது மாடித் தையல்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, லிப்ட் கேட்டுப் போராட்டமா?"

"ஆமாண்ணே. நீங்களும் வாங்க, ஆள் சேரும்."

"எனக்கு ஊசியில நூல் கோக்கறதே போராட்டம்," என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏழாவது தடவை மேலே வந்தபோது உலைக்காரர் கதவுக்கு வெளியே கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் சோப்புக் கட்டி, ஒரு கையில் மெல்லிய காலுறை.

"காலைக் காட்டு."

"உங்க வைத்தியம் ஒரு தடவை போதும்."

"இது வெறும் சோப்பு. குதிகால்ல தேச்சு, உள்ள மெல்லிசா ஒன்னு, மேல கனமா ஒன்னு போட்டா உரசாது. உலைக்குப் புதுசா வர்றவங்களுக்கு நாங்க சொல்லித் தர்றது."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்; அவர் பக்கத்தில் இல்லை, அவருக்குக் கீழே, முதுகைக் காட்டிக்கொண்டு. மூட்டையைக் கழட்டவில்லை.

"எண்ணெய் பூசினது நல்லதுக்குத்தான்," என்றார் அவர்.

"சரி."

"அடுப்புல வெச்சதும் நல்லதுக்குத்தான்."

"சரிங்க. நம்பறேன்."

கீழே தையல்காரர் வீட்டில் இயந்திரம் ஓடி நின்றது.

"பதினோரு மணிக்குப் பசை உருகற வாசனை வந்துச்சு," என்றார் உலைக்காரர். "முப்பது வருஷம் உலையில நின்னவன். எது வேகுது, எது கெட்டுப்போகுதுன்னு இந்த மூக்குக்குத் தெரியாதா? தெரிஞ்சுது. எந்திரிக்கல."

அவள் திரும்பவில்லை. "எப்ப அணைச்சீங்க?"

"நீ படியேறற சத்தம் கேட்டப்ப."

இரண்டு மணி நேரம். மடிப்பக்கா மனசுக்குள் அந்த இரண்டு மணி நேரத்தைப் போட்டுப் பார்த்தாள். தான் அங்கே கோணல் கோணலாக மடித்துக்கொண்டிருந்த நேரம். இவர் இங்கே செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்து மோந்துகொண்டிருந்த நேரம். தெரியாமல் செய்த முட்டாள்தனமாகவே இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. முட்டாள்தனத்தோடு இருபத்தாறு வருஷம் ஓட்டியாயிற்று. அது அவளுக்குப் பழக்கம். இது புதுசு.

"ஏன்?"

"இந்த வீட்டுல அஞ்சு நாள் ஒத்தையா என்ன பண்றதுன்னு தெரியல."

"நீங்க ராத்திரி ஷிப்டு போய்க்கிட்டிருந்த காலத்துல நான் என்ன பண்ணேன்?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "தெரியல," என்றார். "கேட்டதே இல்ல."

மடிப்பக்கா பூட்ஸைக் கழட்டினாள். இரண்டு குதிகாலும் சிவந்து பளபளத்தன. தோல் இன்னும் இருந்தது. தானே தேய்த்துவிடப் போகிறவர்போல் அவர் சோப்பை எடுத்துக்கொண்டு குனிந்தார். அவள் கையை நீட்டினாள்.

"குடுங்க. நானே தேச்சுக்கறேன்."

கொடுத்தார். அவள் தேய்த்துக்கொண்டாள், மெல்லிய காலுறை, அதன்மேல் கனமானது, அதன்மேல் பூட்ஸ். கயிற்றை இழுத்துக் கட்டி எழுந்து நின்றாள். உரசல் குறைந்திருந்தது. அவர் சொன்னது சரிதான் என்பதே அவளுக்குக் கோபமாக இருந்தது.

"இப்ப நான் ஒன்னும் பேசப் போறதில்ல," என்றாள். "பேசினா வார்த்தை தடிச்சிடும். நான் போறேன். வந்து பேசறேன்."

"வந்து என்ன சொல்லுவே?"

"எனக்கே தெரியாது."

இறங்கினாள். ஏறினாள். இன்னும் ஐந்து தடவை. அவர் படியிலேயே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு தடவையும் அவள் திரும்புவதற்கு இடம்விட்டுக் காலை ஒடுக்கிக்கொண்டார்.

காலை ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, பஸ் படிக்கட்டில் உட்கார்ந்து காலுறையைக் கழட்டினாள். வழிகாட்டி குந்தி உட்கார்ந்து, கட்டைவிரலால் வலது குதிகாலை அழுத்தினாள். பிறகு இடது. சுருட்டை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவள்போல் நகத்தைக் கடித்தாள்.

"எரியுதா?"

"எரியுது. உரியல."

"மத்தியானம் குடில்ல மறுபடியும் பாப்பேன். ஏறுங்க."

சுருட்டை பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தாள். மூட்டையை மேலே வைத்துவிட்டு உட்கார்ந்த மடிப்பக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆம்புலன்ஸ் டிரைவர் மட்டும் வரவேண்டும். ஜன்னலுக்கு வெளியே, தெருவின் எதிர்ப்பக்கம், உலைக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவள் வரச் சொல்லவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு தடவை பாக்கெட்டிலும் ஒரு தடவை இடுப்பிலும் வைத்தார். பிறகு தெருவைத் தாண்டி ஜன்னலருகே வந்தார்.

"எதுக்கு வந்தீங்க?"

"சும்மாதான். நேத்துச் சொன்னதைச் சொல்லாமலே விட்டிருக்கலாமோன்னு தோணுது."

"இல்ல. சொன்னதுதான் சரி." அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வேறென்னவோ வாய் வரைக்கும் வந்தது. நல்லதா, கெட்டதா என்று அவளுக்கே தெரியவில்லை, அதனால் விழுங்கிக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் டிரைவர் தலையணை இல்லாத மூட்டையோடு ஓடிவந்து ஏறினார். கதவைச் சாத்தினார்கள். உலைக்காரர் இன்னும் ஜன்னலைவிட்டு நகரவில்லை. எதையோ கேட்க வாயெடுத்தார்.

"வண்டியை எடுங்கண்ணே," என்றாள் மடிப்பக்கா, வழிகாட்டி சொல்வதற்கு முன்னால்.