பை கழன்ற பூ

குப்பைக் கூடையிலிருந்து சுரைக்காய்த் தோலை எடுத்து நக்கிப் பார்க்கிற பெண்ணைப் பைத்தியம் என்றுதான் நினைப்பீர்கள். அவள் நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறவள். சொந்த விதையில் காய்த்த முதல் சுரைக்காயை, ஒரு துண்டு நாக்கில் வைத்துப் பார்க்காமல் சமைக்கவே கூடாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஓதுகிறவள். அன்று மதியம் வீடு திரும்பினால், மாடிக் கொடியில் தொங்கிய முதல் காயைக் காணோம். தோல் மட்டும் கூடையில் கிடந்தது.

நாக்கில் பட்டதுமே துப்பினாள். சாதாரணக் கசப்பு இல்லை, தொண்டையை இறுக்கிப் பிடிக்கிற கசப்பு. சுரைக்காய் இப்படிக் கசந்தால் அது விஷம்.

கூடத்தில் அவள் கணவர் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார். பஸ் டிரைவர்; அன்று விடுமுறை, தானே சமைத்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் வந்த காய்ச்சல் அவர் ருசியை மொத்தமாகக் கொண்டுபோய்விட்டது. உப்பைப் போட்டாலும் சர்க்கரையைப் போட்டாலும் அவருக்கு ஒன்றுதான். வீட்டில் எதையும் அவள்தான் முதலில் ருசி பார்ப்பாள்.

“வா வா, உனக்கு ஒண்ணு சொல்லணும்” என்றார், முகமெல்லாம் பல்லாக.

“எவ்வளவு சாப்பிட்டீங்க?”

“ரெண்டு கிண்ணம் சூப். கேளேன், இன்னிக்கு...”

“ஒண்ணும் பேசாதீங்க! எழுந்திருங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்!”

பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா கார் ஓட்டினாள். பாதி வழியிலேயே அவர் வாந்தி எடுக்க ஆரம்பித்தார். மூன்றாவது தடவை அதில் ரத்தம் இருந்தது.

“என் அழகுச்சுரைக் கொடியாலயாம்மா?” என்று கேட்டாள் அக்கா.

“உங்க கொடி என்னக்கா பண்ணும்? பை கட்டினது நான்.”

சுரைப்பூ சாயங்காலம் விரியும். பெண்பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், அதுதான் அடையாளம். போன வருஷம் விதைக்கென்று ஒரு பெண்பூவுக்குத் தன் கொடியின் ஆண்பூவிலிருந்து மகரந்தம் தடவி, வேறு பூவின் தூள் ஒட்டாதபடி துணிப்பை கட்டினாள். காலையில் பார்த்தால் பை தரையில் கிடந்தது. அக்கா மாடியிலோ, குடுவை செய்ய வளர்த்த அழகுச்சுரை பூத்துக் குலுங்கியது. அந்தக் காய் விஷக் கசப்பு, வாயில் வைக்க ஆகாது. ‘ஒரே ராத்திரியில் எந்தப் பூச்சி வந்துவிடப்போகிறது’ என்று பையைத் திரும்பக் கட்டினாள், அவ்வளவுதான். காய் தாயைப் போலச் சமர்த்தாகத்தான் வளர்ந்தது. ஆனால் விதைக்கு அப்பன் யார் என்பது அடுத்த வருஷக் காயில்தானே தெரியும்! ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிற மகராசி சொந்த வீட்டில் கோட்டை விட்டாள்.

மருத்துவமனையில் ரத்த அழுத்தம் எழுபதுக்கு இறங்கியிருந்தது. இரண்டு கையிலும் ஊசி குத்தி சலைன் ஏற்றினார்கள். இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது, உடம்புதான் தாங்க வேண்டும் என்றார் டாக்டர். இவர் போய்விட்டால் நான் கொன்றதாகத்தான் அர்த்தம் என்ற ஒரே நினைப்பு அவள் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து, “பிரஷர் தொண்ணூறு” என்றாள் நர்ஸ். அப்போதுதான் அவள் ஒழுங்காக மூச்சு விட்டாள்.

“ஒரு வாய் வச்சதுமே கசந்திருக்குமே, எப்படி ரெண்டு கிண்ணம்?” என்று கேட்டார் டாக்டர்.

“அவருக்கு ருசி தெரியாது டாக்டர்.”

“தெரிஞ்சுது” என்றார் கணவர், படுக்கையில் கண்ணைத் திறக்காமல். “அதைத்தான் சொல்ல வந்தேன், நீ விடல. முதல் வாயிலேயே கசந்துச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு ஒண்ணு தெரியுது... எப்படி நிறுத்துவேன்?”

அவரை அறைவதா கட்டிக்கொண்டு அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நர்ஸ் கொடுத்துவிட்டுப்போன தண்ணீர் டம்ளரை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

“கொப்பளிச்சுத் துப்புங்க.”

அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினார்.

“இன்னும் கொஞ்சம் நாக்குல இருக்கு” என்றார். “போயிடும். அதுவரைக்கும் இருக்கட்டும்மா.”