ஜோர்டி பேசும் மாப்பிள்ளை

பாலேந்திராவுக்குச் சாதகம் பொருந்தியது, ஊரும் பொருந்தியது. எனக்குப் பயம் அவனுடைய வாய்தான். அவன் என் அக்காவின் மகன். எண்பத்து மூன்று கலவரத்தோடு இங்கிலாந்து வந்து, நியூகாசிலில் கப்பல் கட்டும் யாட்டில் வயரிங் வேலை செய்தவன். ஆங்கிலம் பேசப் பழகியது அங்கேதான். அந்த ஊர்ப் பேச்சுக்கு ஜோர்டி என்று பெயர். யாட்டை மூடியதும் லண்டனுக்கு வந்தான். இங்கே அவன் ஆங்கிலத்தில் வாயைத் திறந்தால், பேசிய வெள்ளைக்காரன் எங்கே என்று சனம் அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும்.

பெண்ணின் தகப்பன் தில்லையம்பலம் யாழ்ப்பாணத்தில் ஆங்கில வாத்தியாராக இருந்தவர். லண்டனில் குட்மேய்சுக்குக் குடிவந்தும் ரேடியோவில் செய்தி வாசிப்பவனைத் திருத்துகிற மனுசன். "தமிழிலை மட்டும் கதை" என்று, பெண் பார்க்கப் போகிற ரயிலில் படித்துப் படித்துச் சொன்னேன். பெண் சந்திரவதனாவை ஒரு கலியாண வீட்டில் கண்டதிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பில்லை. "ஓம் சின்னம்மா" என்று தலையாட்டினான்.

தில்லையம்பலத்தின் வீட்டில் பக்கத்து வீட்டு டாக்டர் ரங்கராஜனும் இருந்தார், சென்னைக்காரர். தில்லையம்பலம் எடுத்த எடுப்பில் ஆங்கிலத்தில் வேலையைப் பற்றிக் கேட்டார். பதில் நியூகாசிலிலிருந்து நேரே வந்து இறங்கியது.

"எங்கை தம்பி இந்த இங்கிலிஷ் பழகினனீர்?" என்றவர், எழுந்துபோய்ப் பாலேந்திராவின் சாதகத்தை எடுத்து வந்து என் கையில் தந்தார். எங்கள் ஆட்கள் வேண்டாம் என்று வாயால் சொல்வதில்லை. சாதகம் திரும்பி வந்தால் அதுதான் பதில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாலேந்திராவின் முகம் கறுத்துவிட்டது. ஆனால் குரல் தணியவில்லை.

"ஐயா, இது பிழையான இங்கிலிஷ் இல்லை. கடல் கடந்து வந்த பழைய ஆங்கிலரின்ரை பேச்சு. லண்டன் கைவிட்ட சொல்லுகளை வடக்காக்கள் வைச்சிருக்கினம். பிள்ளையை இண்டைக்கும் பேர்ன் எண்டுதான் சொல்லுவினம். தெற்காக்கள் விளங்காமல் சிரிக்கினம்."

ரங்கராஜன் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார். "சார், யாழ்ப்பாணத் தமிழைப் பத்தி நீங்க எனக்குச் சொன்னதும் இதேதானே? பழைய சொல்லெல்லாம் உங்ககிட்டத்தான் இருக்கு, மெட்ராஸ்காரன் புரியாம சிரிக்கிறான்னு."

தில்லையம்பலம் சிரிக்கவில்லை. "லண்டனுக்கு வந்தாப்பிறகாவது மாத்தியிருக்கலாமே?"

"ஏலும் ஐயா. மாத்தமாட்டன். நான் வந்து இறங்கேக்கை எனக்கு ஒருத்தருமில்லை. யாட்டு ஆக்கள்தான் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு தந்தவை. இப்ப அவையின்ரை வேலையும் போயிட்டுது, யாட்டும் போயிட்டுது. பேச்சு ஒண்டுதான் மிச்சம்."

அந்த அறையில் இருந்த யாழ்ப்பாணத்தாருக்கும் அதற்குமேல் பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. சாதகத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

"அதை எங்கை கொண்டு போறியள்?" என்று தில்லையம்பலம் கையை நீட்டினார். "இஞ்சை தாங்கோ."