மோட்டார் காலில் ஒரு கட்டைவிரல்

விடிவதற்கு முன்னால் வாளித் தண்ணீர் கையைக் கடிக்கும். மூத்தவள் உப்புத்தாளை அதில் முக்கி எடுத்தாள், மோட்டாரின் காலைத் தொடைகளுக்கு நடுவே இறுக்கிக்கொண்டாள், தேய்க்கத் தொடங்கினாள். படகின் பின்னால் தொங்கும் மோட்டாரில் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் பாகத்தைப் பட்டறையில் கால் என்பார்கள். இது பத்து வருஷம் கடலில் ஊறிய கால். பழைய பெயிண்ட் பொருக்குப் பொருக்காக எழும்பி, அடியில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. அந்த உப்பைச் சுரண்டி, குழியில் பட்டி பூசி, மறுபடி தேய்த்து, உலோகம் பளிச்சென்று ஆகும்வரை நிமிர முடியாது. மூன்று கால்கள் முடிந்தபோது பொழுது நன்றாக விடிந்துவிட்டது, அவளுடைய தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

பட்டறைக்கு ஒரு சட்டம் உண்டு. தேய்த்த வெற்று உலோகத்தை வெறுங்கையால் தொடக் கூடாது. மதியத்துக்குள் அதன்மேல் பிரைமர் என்ற அடிப்பூச்சு விழுந்துவிட வேண்டும். காற்று பட்டால் மங்கிப்போகும். கை பட்டாலோ வியர்வையின் உப்பு அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். மேலே எத்தனை கோட்டிங் அடித்தாலும் ஒரு மாதத்தில் அந்த இடம் கொப்பளித்துக் காட்டிக்கொடுத்துவிடும். பதினோரு வருஷமாக மூத்தவள் கையுறை இல்லாமல் தேய்த்த காலைத் தொட்டதில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர.

அதைச் சொல்வதற்கு முன் இளையவளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். ஒரே வீடு, ஒரே சமையலறை. இளையவளுக்குப் பட்டறையில் வேலை வாங்கிக் கொடுத்ததே மூத்தவள்தான். வந்த இரண்டாம் வருஷமே முதலாளி அவள் கையில் பெயிண்ட் அடிக்கும் ஸ்பிரே கன்னைக் கொடுத்துவிட்டார். கதவு போட்ட தனி அறை, முகத்துக்கு ரப்பர் முகமூடி, கூலியும் ஒரு படி மேலே. மூத்தவளுக்கு இருந்தது வாசலோரம் ஒரு முக்காலியும் ஒரு வாளியும்தான்.

வயிறு எரியாமல் என்ன செய்யும்? மோட்டாரை எடுக்க வரும் படகுக்காரர்கள் அதன் பளபளப்பைத் தடவிப் பார்த்து, "யாரு அடிச்சது?" என்று கேட்பார்கள். யார் தேய்த்தது என்று கேட்ட மனிதரை அவள் இன்னும் பார்க்கவில்லை. இளையவள் முகமூடியைக் கழற்றிவிட்டு வெளியே வரும்போது மூக்கோரம் ஒரு நீலப் புள்ளி ஒட்டியிருக்கும், மூக்குத்தி வைத்தாற்போல. அந்தக் கறைகூட அவளுக்குப் பொருந்தித் தொலைத்தது. ஒருநாள் மூத்தவளின் புருஷன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை நிமிராமல், "சின்னவளுக்குக் கைராசி" என்றான். மறுநாள் சாப்பாட்டில் உப்பு கூடிப்போனதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

இளையவள் இருமினால்கூட நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்களே என்று அந்த இருமல்மேலும் பொறாமை. பழைய பூப்போட்ட தலையணை உறை ஒன்றை, "அக்கா, இது வேணாம்னா நான் எடுத்துக்கட்டுமா?" என்று அவள் கேட்டு வாங்கியபோது, கிழிசலைக்கூட விட்டுவைக்க மாட்டாள் என்று மூத்தவள் மனசுக்குள் திட்டினாள்.

அப்புறம்தான் அந்தப் படம் வந்தது. புதிதுபோல் மினுங்கும் மோட்டார் ஒன்றின் பக்கத்தில் இளையவளை நிறுத்திப் படம் பிடித்து, பெரிதாக்கிப் பட்டறை முகப்பில் மாட்டினார் முதலாளி. படத்தின் ஓரத்தில் மூத்தவளின் முழங்கை விழுந்திருந்தது. முழங்கை மட்டும். அன்று முழுக்க அவள் அந்த முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை ஒரு காலைத் தேய்த்து முடித்ததும் கையுறையைக் கழற்றினாள், கழுத்து வியர்வையில் கட்டைவிரலை நனைத்தாள், காலின் நடுவில் வைத்து ஒரே ஒரு அழுத்து அழுத்தினாள். பிறகு ஒன்றும் நடக்காதவள்போல அதை இளையவளின் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

அது நடந்து ஆறு வாரம். இன்று ஒன்பது மணிக்கு அதே மோட்டார் தள்ளுவண்டியில் திரும்பி வந்தது.

"எல்லாரும் இங்க வாங்க" என்றார் முதலாளி. நான்கு பேரும் வந்தார்கள்: ஓரகத்திகள் இருவர், மோட்டாரைப் பிரித்துப் பூட்டுவதால் நட்டு என்று பட்டப்பெயர் வாங்கிய பையன், பெயிண்ட் காய்ந்ததும் பட்டையும் எழுத்தும் ஒட்டும் ஸ்டிக்கர்காரர். நீலக் காலின் நடுவில் கட்டைவிரல் அளவுக்குக் கொப்பளம் எழும்பி உடைந்திருந்தது. அதைச் சுற்றிப் பெயிண்ட் தோலாக உரிந்து தொங்கியது.

"இதுதான் உன் கைராசியா?" என்று முதலாளி இளையவளைக் கேட்டார்.

"அடிக்கிறதுக்கு முன்னாடி தின்னர்ல ஒரு தடவை தொடைக்கணும் முதலாளி. தின்னர் தண்டச் செலவுன்னு நீங்கதான நிறுத்தினீங்க?"

"நிறுத்தி நாலு மாசம் ஆச்சு. மத்த மோட்டார் எதுவும் திரும்பி வரலையே! இது மட்டும் எப்படி வந்துச்சு?"

இளையவள் குனிந்து அந்தக் கொப்பளத்தை உற்றுப் பார்த்தாள். பதில் தெரிந்த மூத்தவள் தன் கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"நாளையிலேருந்து நீ வர வேணாம்" என்றார் முதலாளி. "மூத்தவளே, இனிமே கன் உன் கையில. தேய்ப்புக் கூலிதான், ஆனா தனி ரூம். ஆசைப்பட்டது கிடைச்சிருச்சுல்ல? மத்தவங்களுக்கும் சொல்றேன், இந்த நஷ்டம் தீர்ற வரைக்கும் எல்லார் கூலியும் குறையும். பதினொரு மணிக்கு வருவேன். மூணு காலும் பிரைமரோட நிக்கணும்."

பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? மூத்தவளுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த அறைக்குள் போனாள், கதவைச் சாத்தினாள், ஆணியில் தொங்கிய முகமூடியை எடுத்து மாட்டினாள். கண்ணாடி இருந்தால் பார்த்திருப்பாள்.

இரண்டு மூச்சுதான் விட முடிந்தது. மூன்றாவது மூச்சு வரவில்லை. தொண்டையில் ஏதோ கசந்தது, கண்ணில் நீர் கட்டியது. மேலே புகையை இழுக்கும் விசிறி ஓடாமல் தூசி பிடித்திருந்தது. முகமூடியைப் பிடுங்கி, பக்கவாட்டில் பில்டர் இருக்க வேண்டிய மூடியைத் திருகித் திறந்தாள். பில்டர் இல்லை. நாலாக மடித்த துணி இருந்தது. நீலம் ஊறிக் கெட்டியாகிப்போன துணி. அதை விரித்தபோது மடிப்புக்குள் பூப்போட்ட தலையணை உறை தெரிந்தது.

அவள் வெளியே வந்தபோது இளையவள் தன் சாப்பாட்டுப் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த விரல் என்னுது" என்றாள் மூத்தவள்.

"என்னக்கா?"

"கொப்பளம் என் விரலால வந்தது. வேணும்னேதான் வெச்சேன். உன் மேல பொறாமை. உன் பேரு கெடட்டும்னு வெச்சேன்."

நட்டு கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். இளையவள் பேச வாயெடுத்ததும் இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு, "பாவி!" என்றாள். "ஒரே சட்டியில சாப்பிடுறோமே அக்கா!"

"திட்டு. எவ்வளவு வேணும்னாலும் திட்டு."

"திட்டத்தான் போறேன். அப்படி என்னத்தைக் கண்டீங்க என்கிட்ட? இந்த ரூமையா? இதுக்குள்ள அரை நாள் இருந்து பார்த்தீங்களா? நான் தினமும் கதவு இடுக்கு வழியா உங்களைத்தான் பார்ப்பேன். நீங்க வாசல்ல உட்கார்ந்திருப்பீங்க. முடி காத்துல பறக்கும். எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரியும்."

மூத்தவளுக்கு இது புதுச் செய்தி. அந்த முக்காலியைப் பார்த்துக்கூட ஒருத்தி பொறாமைப்படுவாள் என்று அவள் நினைத்ததே இல்லை.

"நல்லா இருக்கு" என்றான் நட்டு. "ஒரு அக்கா ரூமைப் பார்த்து ஏங்குறாங்க, இன்னொரு அக்கா வாசலைப் பார்த்து ஏங்குறாங்க. முதலாளி தின்னரையும் நிறுத்திட்டு, பில்டரையும் நிறுத்திட்டு நிம்மதியா இருக்காரு."

"தின்னர் துணியால ஒரு இழுப்பு இழுத்திருந்தா இவங்க விரல் எங்க போயிருக்கும்?" என்றாள் இளையவள். கோபம் இன்னும் தணியவில்லை. ஆனால் அது இப்போது இரண்டு பக்கமும் பாய்ந்தது.

ஸ்டிக்கர்காரர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மணி பத்தே முக்கால்."

முதலாளி சொன்ன நேரத்துக்கு வந்தார். மூன்று கால்களும் ஸ்டாண்டில் வெற்றாகவே தொங்கின.

"என்ன இது? இன்னும் பிரைமர் விழலையா?"

"அந்த விரல் என்னுது முதலாளி" என்றாள் மூத்தவள். "நான் வெச்சது தப்பு. அதை இவகிட்டயே சொல்லிட்டேன்."

"அப்ப நீயும் வெளியே போ."

"தொடைக்கத் தின்னர் குடுக்காதது யாரு? பில்டருக்குப் பதிலா என் வீட்டுத் தலையணை உறையை வெச்சு இவ பெயிண்ட் அடிக்கிற மாதிரி பண்ணினது யாரு?"

"அதையெல்லாம் கேக்க நீ யாரு?"

"தேய்க்கிறவ" என்றாள் மூத்தவள்.

சொல்லிவிட்டுக் கையுறைகளைக் கழற்றி வாளிக்குள் போட்டாள். கழுத்து வியர்வையில் கட்டைவிரலை நனைத்து, விடிகாலையிலிருந்து தானே தேய்த்த முதல் காலின் நடுவில் அழுத்தினாள். இந்தத் தடவை எல்லோரும் பார்க்க அழுத்தினாள்.

"பைத்தியமா உனக்கு? சாயங்காலம் படகுக்காரன் வந்து நிப்பான்!"

நட்டு இரண்டாவது காலில் தன் கிரீஸ் விரலை வைத்தான். நன்றாகவே வைத்தான். ஸ்டிக்கர்காரர் முதலாளியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க விரல் படாமல் ஒட்டிப் பழகிய மனிதர். மூன்றாவது காலில் கடைசியாக அவர் விரலும் பட்டது.

"ஆளுக்கா பஞ்சம்? நாளைக்கே வேற ஆளுங்களை வெச்சு வேலையை முடிப்பேன்."

"நாளைக்குத்தான?" என்றான் நட்டு. "இன்னைக்குச் சாயங்காலம் என்ன பண்ணுவீங்க?"

எல்லோரும் இளையவளைப் பார்த்தார்கள். அவள் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டியபடி நின்றாள். போய்விட்டால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. இளையவள் பையை இறக்கி வைத்தாள். மூத்தவளின் முகத்தைப் பார்க்காமலே முதல் காலுக்கு வந்து, அங்கே மங்கலாகத் தெரிந்த விரல் தடத்துக்குப் பக்கத்தில், ஒட்டினாற்போல, தன் விரலை வைத்தாள்.

"தின்னர், பில்டர், விசிறி மூணும் வரட்டும் முதலாளி" என்றாள். "கூலி குறையக் கூடாது. யாரும் வெளியே போக மாட்டோம். அதுக்கப்புறம் அக்கா மறுபடி தேய்ப்பாங்க, நான் அடிப்பேன்."

முதலாளி முன்னறைக்குப் போய்க் கதவை அறைந்து சாத்தினார். உள்ளே போனில் யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. வேறு ஆட்களாகவும் இருக்கலாம், தின்னர்க் கடையாகவும் இருக்கலாம். ஸ்டாண்டில் மூன்று கால்களும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டிருந்தன.

இளையவள் மறுபடி இருமினாள். மூத்தவள் வாசலுக்குப் போய் வாளியை நகர்த்தினாள், முக்காலியைத் துடைத்து நிலைப்படியை ஒட்டிப் போட்டாள், தான் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"இங்க வந்து உட்காரு" என்றாள். "இந்தப் பக்கந்தான் காத்து வருது."