லிசார்தோவைத் தொடர்ந்த கைதட்டல்

காலையில் லிசார்தோ ப்ளானெஸ் எழுவார், பல் துலக்குவார், காபியை அடுப்பில் வைப்பார், முந்தின நாள் ரொட்டியை வாட்டித் தக்காளியைத் தேய்த்து எண்ணெய் விடுவார். ரொட்டி கருகாமல் வந்தால் பதினைந்தாயிரம் பேர் கைதட்டுவார்கள். சமையலறையில் அவரையும் மனைவி ரெமேயையும் தவிர யாரும் இருக்கமாட்டார்கள்.

மத்ரீதில் ஆடிய கடைசி டென்னிஸ் ஆட்டத்தில் அந்தக் கைதட்டல் அவரைப் பிடித்துக்கொண்டது. தோற்றுப்போன அவருக்காக அரங்கமே எழுந்து நின்று தட்டியது. சனங்கள் வீட்டுக்குப் போனார்கள், கைதட்டல் போகவில்லை. காரில் அவரோடு சொந்த ஊரான பெனிசாலுக்கு வந்து சேர்ந்தது. முதல் வருடம் ஊருக்குப் பெருமை. ஆரஞ்சு மண்டித் தெருவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். அடுத்த வருடம், அவர் நற்கருணை வாங்கியதும் அந்தக் காணாத கூட்டம் ஆர்ப்பரித்ததால், பாதிரியார் அவரைப் பூசைக்கு வரவேண்டாம் என்றார். ரொட்டிக்கடை எல்விரா வரிசையை விலக்கிவிட்டாள். "ராஜா, நீ முதல்ல வாங்கிட்டுக் கிளம்பு. உன் புகழு என் காதைத் தின்னுட்டுது." அவருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கடலுக்குப் போனார், மலைக்குப் போனார், ரயிலேறி எல்லை தாண்டினார். அதுவும் டிக்கெட் எடுக்காமல் கூடவே வந்தது.

பிறகு ரெமேயின் நெஞ்சில் நோய் வந்தது. குரல் நூலாக இளைத்தது. ஒரு கரண்டி சூப்பை அவர் சிந்தாமல் ஊட்டினால் அரங்கம் அதிரும். அவள் உதடு அசைவது மட்டும் தெரியும். "என்ன சொன்ன?" என்று இவர் கேட்பார். மறுபடி சொல்ல அவளுக்கு மூச்சு இராது. அவள் சொல்வது எதுவும் தன் காதில் விழாமலே போய்விடும் என்று பயந்து, வீட்டு நடையில் முன்னும் பின்னும் நடந்தார். நடந்ததற்கும் தட்டினார்கள்.

ஒரு நாள் அவளுடைய செருப்பைத் தேடிக் கட்டிலடியில் கைவிட்டபோது பழைய பந்து ஒன்று அகப்பட்டது. பழக்கதோஷத்தில் தரையில் தட்டினார். கூட்டம் அடங்கிவிட்டது. சர்வீஸ் போடுமுன் ஆட்டக்காரன் பந்தைத் தட்டும்போது பார்ப்பவர்கள் மூச்சு விடக்கூடாது என்பது அந்த நாட்டில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். சுவர்க்கடிகாரத்தின் ஓசை காதில் விழுந்தது. "ஏன்யா, சூப்புல உப்பே போடமாட்டியா?" என்றாள் ரெமேய். லிசார்தோ அழுதுவிட்டார்.

அன்று முதல் கட்டிலோரம் நின்று பந்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவள் எல்விராவைக் கேலி செய்தாள், ஜன்னலுக்கு வெளியே மரத்தில் ஆரஞ்சு அழுகுவதாகத் திட்டினாள். ஆனால் அடிக்காத பந்துக்காக யார் எவ்வளவு பொறுப்பார்கள்? கொஞ்ச நேரத்தில் சீட்டி கிளம்பும். வர வர மௌனம் சுருங்கியது. அடித்தால் கைதட்டல் அவள் பேச்சை மூடிவிடும் என்று அவர் அடிக்கவேயில்லை.

பிப்ரவரியில் ஒரு காலை, அவள் சொன்னபடி ஜன்னலைத் திறந்து பந்தை அடித்தார். பந்து தோப்புக்கு மேலே போனது. கீழே விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. யாரும் தட்டவுமில்லை. அவளுடைய அடக்கம் முடியும்வரை ஊரில் சத்தமே இல்லை. மறுநாள் ரொட்டி கருகாமல் வந்தது, தட்டினார்கள். அவர் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனார், எல்விரா வரிசையை விலக்கினாள்.

ரெமேய் கடைசியாக மாதாவின் பெயரைச் சொன்னாள் என்று பாதிரியார் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவள் சொன்னது இது: "அடிச்சுத் தொலைய்யா. பாவம், எவ்வளவு நேரந்தான் காத்திருப்பாங்க."